சுத்தமான படிக்கட்டு

விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் எடுப்பது என் வேலை. வாசலில் செருப்பு கிடந்தால் தள்ளுவேன், கொடியில் துணி தொங்கினால் சுருட்டுவேன், அதற்குப் பிறகுதான் கேமராவைத் தூக்குவேன். அங்கே யாரோ வாழ்ந்த சுவடே தெரியக் கூடாது என்பார் என் முதலாளி.

தம்பிக்கு ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றும் வேலை. அன்று விடியற்காலை வேலை முடிந்து, வெளியே இருக்கும் இரும்புப் படிக்கட்டில் இறங்கியவன் உறைபனியில் சறுக்கினான். பிடித்துக்கொள்ளக் கையை நீட்டிய இடத்தில் கைப்பிடிக் கம்பி இல்லை. பக்கவாட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே என் கையைப் பிடித்து, "அக்கா, மத்தியானத்துக்குள்ள கம்பிய மாட்டிடுவாங்க. ஓடிப்போய் படம் எடு" என்றான். அந்த வலியிலும் அவன் மூளை வேலை செய்தது. என்னுடையதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஓடினேன். கிடங்கின் பின்பக்கம் ஆள் இல்லை. குளிர் என்றால் அப்படியொரு குளிர், மூச்சு விட்டால் கேமராத் திரையில் வெள்ளை படர்ந்தது. வழக்கம்போல இடத்தைச் சரிசெய்துவிட்டுக் குறி பார்த்தேன். வீட்டில் முழுதாகக் காட்டிய பேட்டரி சிவப்பாக ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு அணைந்தது. குளிரில் அது இப்படித்தான் காலை வாரும். கழற்றி, சட்டைக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். கிடங்குக்காரர்களை வாயில் வந்தபடி திட்டினேன். அதில்தான் கொஞ்சம் சூடு கிடைத்தது.

திரும்பப் போட்டதும் கேமரா தேதி கேட்டது. பழைய கேமரா, பேட்டரியைக் கழற்றினாலே நாள் கிழமை எல்லாம் மறந்துவிடும். வீட்டுப் படத்துக்குத் தேதி யாருக்கு வேண்டும்? மரத்துப்போன விரலால் ஓகேயை அமுக்கிவிட்டு எடுத்தேன். எட்டுப் படம். கம்பி இல்லாத இடைவெளி, போல்ட் ஓட்டைகள், படி முழுக்கப் பளபளக்கும் பனி. மறுபடியும் அணைந்துவிட்டது.

பத்து நாள் கழித்துத் தொழிலாளர் துறை விசாரணை. "அவர் படிக்கட்டுப் பக்கமே வரல மேடம். குறுக்கு வழின்னு சரக்கு மேடையிலேருந்து குதிச்சிருக்கார்" என்றார் கிடங்கு மேலாளர். தம்பியை முதலில் பார்த்த காவலாளியும் தலையைக் குனிந்துகொண்டு அதையே சொன்னார். அவருக்கும் வேலை போய்விடக் கூடாதே.

விசாரணை அதிகாரி, கண்ணாடி போட்ட அம்மாள், என் படங்களைக் கணினியில் திறந்தார். "ஏம்மா, இதுல பன்னெண்டு வருஷத்துக்கு முந்தின தேதி இருக்கே?"

பேட்டரியையும் அக்குளையும் விளக்கினேன். மேலாளர் கூசாமல் சொன்னார்: "தேதியே தப்புன்னா எப்ப வேணா எடுத்திருக்கலாமே. போன குளிர்ல பெயின்ட் அடிக்க அந்தக் கம்பிய ஒரு வாரம் கழட்டி வெச்சிருந்தோம். அப்ப எடுத்திருப்பாங்க." அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

"நான் நம்பினா மட்டும் பத்தாதும்மா" என்றார் அதிகாரி. "அன்னிக்கு அவர் அந்தப் படியிலதான் விழுந்தார்னு காட்ட ஏதாவது ஒண்ணு வேணும். நாளைக்குள்ள கொண்டாங்க." இல்லையென்றால் தம்பிக்கு வேலையும் போகும், பொய்யன் என்ற பேரும் நிற்கும்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். "உன் சாமான் ஏதாவது அங்க விழுந்துச்சாடா? தொப்பி, சாவி, ஏதாவது?"

"ஷூ!" என்றான், உடனே. "இடது கால் ஷூ படி இடுக்குல மாட்டிக்கிச்சுக்கா. அது அங்கேயே நின்னுடுச்சு, நான்தான் விழுந்தேன். இந்த வருஷக் குளிருக்குன்னு கம்பெனியே புதுசா குடுத்தது, உள்ள என் நம்பர்கூட இருக்கும். உன் படத்துல கண்டிப்பா விழுந்திருக்கும். பெருசு பண்ணிப் பாரு." கட்டிலுக்கு அடியில் ஆஸ்பத்திரிப் பையில் வலது கால் ஷூ மட்டும் இருந்தது. பத்து நாளில் முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு.

எட்டுப் படங்களும் எனக்கு மனப்பாடம். எதிலும் ஷூ இல்லை. என் காலுக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது. கேமராவைத் தூக்கும் முன், படியில் பனி பிடித்து விறைத்துக் கிடந்த கறுப்பான எதையோ நுனிக்காலால் நெம்பித் தள்ளினேன். அது கீழே விழுந்த சத்தம்கூடக் கேட்டது. அது எது, யாருடையது என்று நான் குனிந்து பார்க்கவில்லை.

"இதோ வரேன்" என்று கிளம்பி மறுபடியும் கிடங்குக்கு ஓடினேன். புதுக் கம்பி மாட்டிப் பெயின்ட் அடித்திருந்தது. படிக்கட்டுக்கு அடியில் பெருக்கி, உப்புத் தூவி, ஒரு துரும்புகூட இல்லாமல் வைத்திருந்தார்கள்.

திரும்பி வந்து தம்பியிடம் ஒளிக்காமல் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்க்கா," என்றான், "நீ அங்க வீடு விக்கவா போனே?"

பிறகு மெதுவாக முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.