மெத்தோடி வாங்கிய மலை

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: பிட்டோலா நகரவாசியும், ஃப்ரிட்ஜ் தொழிற்சாலையின் ஓய்வுபெற்ற துணை மேலாளருமாகிய திருவாளர் மெத்தோடி ரிஸ்டெவ்ஸ்கி அவர்கள், மலையேறுவோர் சங்கத்தின் எதிர்காலத்தையும் தேசத்தின் நுரையீரலையும் உத்தேசித்து, இனி நடப்பது என்று தீர்மானித்துவிட்டார்.

அதுவரை அவர் நடக்கவில்லையா என்று கேட்டால், நடந்தார். மாலையானால் ஷிரோக் சோகாக் கடைவீதியில் ஊரே நடக்கிறது, அவரும் நடந்தார். கடைவீதியின் மேல்முனையிலிருந்து கீழ்முனைக்கு, பிறகு கீழ்முனையிலிருந்து மேல்முனைக்கு. அதை உடற்பயிற்சி என்று சொன்னால் உடற்பயிற்சி கோபித்துக்கொள்ளும். நாலு அடிக்கு ஒரு வணக்கம், ஆறு அடிக்கு ஒரு வம்பு. அங்கே கால்களுக்கு வேலை கிடையாது. முகத்தை எடுத்துக்கொண்டு போய் ஊருக்குக் காட்டிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். ஒருவர் முகம் சில நாள் தென்படவில்லையென்றால், மரங்களில் ஒட்டியிருக்கும் மரண அறிவிப்புகளை ஒருமுறை மேய்ந்துவிட்டுத்தான் எங்கள் ஊர்க்காரர்கள் வீடு திரும்புவார்கள்.

சங்கத்தின் தலைவர் வசந்தகாலத்தில் ஆஸ்திரேலியாவுக்கு மகளோடு இருக்கப் போகிறார். நாற்காலி காலி. தலைவராக இருப்பவர் மலைக்குடிலில் மேசையின் தலைமாட்டில் உட்காரலாம். அவித்த மொச்சையில் முதல் கரண்டி அவருக்கு. யாரும் குறுக்கிடாமல் பேசலாம். முப்பது வருடம் துணையாகவே இருந்த மெத்தோடிக்கு, வாழ்க்கையில் ஒருமுறையாவது முன்னால் 'துணை' இல்லாத ஒரு பதவி வேண்டியிருந்தது. ஆனால் இலையுதிர்காலத்தில் பெலிஸ்தெர் மலைக்குப் போனபோது முதல் ஊற்றடியிலேயே, அதாவது பேருந்து நிற்கும் இடத்திலேயே, மூச்சு முட்டி ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். பாசியை ஆராய்வதாகச் சொன்னார். யாரும் நம்பவில்லை. போட்டியாளரான புரெக் அப்பக் கடை அங்கெலேவுக்கும் அதே தொப்பைதான், அதே மூச்சுதான். ஆனால் அவருக்கு ஒரு பைன் மரத்துக்குப் பின்னால் போய் உட்காரும் புத்தி இருந்தது. தலைமைப் பண்பு என்பது அதுதான்.

ஆகவே மெத்தோடி மனைவி மென்காவைக் கூட்டிக்கொண்டு, நெடுஞ்சாலையோரக் கடைக்கு ட்ரெட்மில் பார்க்கப் போனார்.

"எத்தனை குதிரைச் சக்தி?" என்றார், டிராக்டர் வாங்க வந்தவர்போல மோட்டாரைத் தட்டிப் பார்த்துவிட்டு.

"மூணு சார். வீட்டுக்கு அது தாராளம்."

"அதுக்கு மேல?"

"நாலு இருக்கு. அது ஜிம்முக்கு வாங்குறது."

"அதைக் காட்டு."

மென்காவுக்கு வேறு கவலை. "தம்பி, சத்தம் வருமா? கீழ ஆள் குடியிருக்காங்க."

"சத்தமே இருக்காதும்மா. பூனை நடக்கிற மாதிரி."

"பூனை நடந்தா சரி. நடக்கப்போறது இவருல்ல?"

விற்பனையாளர் பேச்சை மாற்றினார். "சாரோட எடை எவ்வளவு?"

"தொண்ணூறு," என்றார் மெத்தோடி.

மென்கா கூரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "நூத்திருபது கிலோ வரைக்கும் தாங்கும்னு அந்த மூணு குதிரையில போட்டிருக்கு. இன்னும் கொஞ்சம் தாங்குறது இருக்கா? வீட்டுக்கு விருந்தாளி யாராவது வந்தா ஏறுவாங்க," என்றாள்.

"இந்த நாலு குதிரையே நூத்தைம்பது தாங்கும்மா. விருந்தாளி தைரியமா ஏறலாம்."

"மடக்குறதா பாரு மெத்தோடி. பால்கனியில ஊறுகாய் ஜாடி வைக்க இடம் வேணும்."

"மலையை எவனாவது மடக்குவானா? தம்பி, எனக்கு ஏத்தம் முக்கியம். பெலிஸ்தெர் மாதிரி செங்குத்தா வேணும்."

"பதினஞ்சு வரைக்கும் ஏறும் சார். போன மாசம் வாங்கினவர் பதினஞ்சுல வெச்சார்."

"எப்படி இருக்கார்?"

"அதுக்கப்புறம் போன் பண்ணலை சார்."

மென்கா கணவரின் சட்டைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "நம்ம ஜன்னலைத் திறந்தா மலை நிக்குது. ஏறினா காசு கேக்காது. எதுக்கு இது?"

"அங்க ஆளுங்க இருக்காங்க," என்றார் மெத்தோடி.

விஷயம் அவ்வளவுதான். மலையில் பழகினால் மூச்சு வாங்குவதை நாலு பேர் பார்ப்பார்கள். வீட்டுக்குள் பழகி, வசந்தத்தில் திடீரென்று சிங்கம்போல் முதல் ஆளாய்க் குடிலில் போய் நிற்க வேண்டும். மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவன் வீட்டுக்குள் வார்மேல் நடந்து மலையேறக் கற்றான் என்று தெரிந்தாலோ, முடிந்தது. எங்கள் ஊரில் செத்தவரை நாற்பதாம் நாள் படையலோடு மறந்துவிடுவார்கள். சிரிப்புக்கு ஆளானவரைப் பேரன் காலம்வரை மறக்க மாட்டார்கள். எனவே மென்காவிடம் சத்தியம் வாங்கினார்: யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

ஊர் முழுவதும் ஷிரோக் சோகாக்கில் இருக்கும் மாலை நேரமாகப் பார்த்து, நீளமான பெட்டி ஒன்று போர்வை சுற்றிப் படியேறியது. சோகாக்குக்குப் போகாத ஒரே ஜீவன் கீழ்வீட்டு வெலிகா. அவளுக்கு முழங்கால் வலி. காது, கண், நாக்கு மூன்றும் முதல்தரம்.

ட்ரெட்மில் படுக்கையறையைத் தவிர எங்கும் அடங்கவில்லை. திரைச்சீலைகள் மூடப்பட்டன. ஊர் நடக்கும் நேரத்திலேயே மெத்தோடியும் நடந்தார், ஆனால் எங்கும் போகவில்லை. சில நாள் கழித்து வெலிகா படிக்கட்டில் மென்காவை மடக்கினாள்.

"ஏம்மா மென்கா, அன்னிக்கு மேல போச்சே, கட்டிலா?"

"அந்த மாதிரி ஒண்ணு."

"ஆஸ்பத்திரியில இருக்குமே, தலைமாட்டைத் தூக்குற மாதிரி?"

"தூக்கும்," என்றாள் மென்கா. நேருக்கு நேர் கேட்டால் பொய் சொல்ல அவளுக்கு வராது.

"சாயங்காலமானா ஒரே முனகலா கேக்குது."

"அவரால முடியலை. ஆனா விட மாட்டேங்கிறார்."

"பிடிச்சுக்கிட்டாவது நிக்கிறாரா?"

"ரெண்டு பக்கமும் கம்பி இருக்கு. அதைப் பிடிச்சுக்குவார்."

வெலிகா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். முழங்கால் வலியையும் மறந்து அன்று மாலை ஷிரோக் சோகாக்குக்குப் போய்வந்தாள்.

மறுநாளிலிருந்து பழச்சாறு வர ஆரம்பித்தது. எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போவதில்லை: ஒரு டப்பா பழச்சாறு, ஒரு பொட்டலம் காப்பித்தூள், வாழைப்பழம். வாழைப்பழத்தின் எண்ணிக்கை கூடக்கூட நோயாளிக்கு நாள் குறைவு என்று பொருள். அங்கெலே ஒரு முழுச் சீப்பும், கூடவே ஒரு தட்டு புரெக்கும் கொண்டுவந்தார்.

மணி அடித்தபோது மெத்தோடி ஏத்தம் ஏழில் இருந்தார். குதித்து இறங்கி, இயந்திரத்தின்மேல் விரிப்பைப் போட்டார். முகம் பீட்ரூட். உடம்பு தொப்பல். இந்தக் கோலத்துக்கு ஒரு நியாயமான காரணம் வேண்டுமே என்று யோசித்து, படுக்கையில் விழுந்து கழுத்துவரை போர்த்திக்கொண்டார்.

அங்கெலே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தார். நாடி குதிரை ஓட்டமாய் ஓடியது.

"ஐயோ மெத்தோடி."

"எனக்கு ஒண்ணுமில்லடா."

"எங்கப்பாவும் கடைசி வாரம் இதையேதான் சொன்னார்."

"நான் நல்லா இருக்கேங்கிறேன்."

"இரு, இரு. நீ எதுக்கும் கவலைப்படாதே. சங்கத்தை நான் பாத்துக்கிறேன். மென்காவுக்கும் ஏதாவது வேணும்னா கடை பக்கத்துலதான்." பிறகு விரிப்பு மூடிய உருவத்தைக் கண்ணால் காட்டி, குரலைத் தாழ்த்தினார். "வெலிகா சொன்னது அதுதானா?"

ஒரு வார்த்தையில் உண்மையைச் சொல்லிவிட்டிருக்கலாம். சாவு ஒரு பக்கம், கேலி ஒரு பக்கம். மெத்தோடி தைரியசாலி; சாவைத் தேர்ந்தெடுத்தார்.

"அதுதான்," என்றார்.

குளிர்காலம் முழுக்க நடந்தார். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்: இயந்திரம் வேலை செய்தது. தொப்பை கரைந்தது, கன்னம் ஒட்டியது, இடுப்பு வாரில் புதுத் துளைகள் விழுந்தன. தேர்தல் நெருங்கியதும், ஊரின் வாயை அடைக்க ஒரு மாலை ஷிரோக் சோகாக்கில் புதுப்பொலிவோடு இறங்கினார். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. வணக்கம் சொன்னவர்கள் வம்பு பேசவில்லை. பின்னால் ஒரு பெண் குரல், "பாவம், கோட்டு மட்டும்தான் நடந்து போகுது," என்றது.

தேர்தல் நாளில் சங்கம் மலையேறியது, மென்காவும் கூடத்தான். முதல் ஊற்று, பைன் காடு, செங்குத்துப் பாதை, எதிலும் மெத்தோடி நிற்கவில்லை. மற்றவர்கள் நாக்குத் தள்ளிக் குடிலுக்கு வந்து சேர்ந்தபோது, அவர் வாசலில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். மூச்சு சீராக இருந்தது. இந்த ஒரு காட்சிக்காகத்தான் இத்தனையும். பாராட்டுக்காகக் காத்திருந்தார்.

"கடைசியா ஒரு தடவை மலையைப் பாத்துரணும்னு வைராக்கியம்," என்று ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

கூட்டம் சுருக்கமாக முடிந்தது. மெத்தோடி ரிஸ்டெவ்ஸ்கி ஆயுட்காலக் கௌரவத் தலைவர் என்று எல்லாரும் எழுந்து நின்று தீர்மானித்தார்கள். ஆயுட்காலம் என்ற இடத்தில் குரல்கள் கொஞ்சம் தடுமாறின. தலைவர் அங்கெலே. அவருக்கு இன்னும் மூச்சு திரும்பாததால் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்; ஏற்புரையை வேறொருவர் வாசித்தார்.

மெத்தோடியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மேசையைத் தட்டினார். "எனக்கு நோயே கிடையாது. வீட்டுல ட்ரெட்மில் வாங்கி வெச்சு நடந்தேன். குளிர்காலம் பூரா. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு மறைச்சேன். சிரிக்கிறதுன்னா சிரிங்க."

யாரும் சிரிக்கவில்லை. மொச்சைக் கரண்டி பானைக்குள் மெல்ல இறங்கியது.

"வீட்டுக்குள்ளயே நடக்கிற நிலைமை ஆயிருச்சா," என்றார் சங்கத்தின் பொருளாளர். பிறகு மென்காவிடம், "டாக்டர் எழுதிக் குடுத்தாராம்மா?"

"இல்லை. நாங்களாத்தான் வாங்கினோம்."

"சரிம்மா, சரி," என்று எல்லாரும் தலையசைத்தார்கள். ஒருத்தி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மொச்சையில் முதல் கரண்டி அங்கெலேவுக்குப் போனது. இரண்டாவதை மெத்தோடிக்கு மசித்துப் போட்டார்கள்.

இப்போதும் அவர் மாலையில் ஷிரோக் சோகாக்கில் நடக்கிறார். புரெக் கடை வரிசையில் அவரை முன்னால் விடுகிறார்கள். அவர் வெளியூர் போய்விட்டால் மரங்களைப் பார்க்கிறார்கள். போன வாரம் அவருக்கே ஒரு சந்தேகம் வந்து, ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார்.

எல்லாம் சரியாக இருக்கிறது.