முயல் காதின் சாய்வு

மதியச் சாப்பாடு முடிந்து அவள் கண்ணயர்ந்தால் போதும், வலது கை விரல்கள் தம் பாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிடும். கத்தரி இல்லாமலேயே காற்றை வெட்டும். அவள் கணவனான தையல்காரன் மெஷினை நிறுத்திவிட்டு, தன் சுண்டுவிரலை அந்தக் கைக்குள் வைப்பான். இரண்டு நறுக்கு விழும். "என்ன வெட்டுற?" என்று கேட்பான். "காது" என்று தூக்கத்திலிருந்தே பதில் வரும். அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

இருவரும் துணி முயல் செய்து விற்கிறார்கள். ஃபெல்ட் துணியில் அவள் வெட்டுவாள், அவன் தைப்பான். ஜன்னல் வெளிச்சத்தில் பஞ்சுத் தூசி, இறங்கலாமா வேண்டாமா என்று மிதந்துகொண்டிருக்கும். இன்னும் காது முளைக்காத முயல்கள் அலமாரியில் உட்கார்ந்து, எல்லாம் கேட்டதுபோல் முகத்தை வைத்திருக்கும். அந்த அறையில் பகலே பாதித் தூக்கத்தில்தான் நடக்கும்.

டாக்டர்தான் அதைக் கலைத்தார். இனியும் கத்தரி பிடித்தால் அவள் கட்டைவிரல் எதையுமே பிடிக்காது, டீ டம்ளரைக்கூட, என்று சொல்லிவிட்டார். ஆர்டரோ கழுத்துவரை இருந்தது. வெட்டும் மெஷின் வாங்கியே ஆகவேண்டும். எதையும் வாங்காமல் எல்லாவற்றுக்கும் யோசனை சொல்லும் மகராசனான அவள் தம்பி, லேசர்தான் என்று அடித்துச் சொன்னான்.

கடையில் லேசர் நீலமாய் மினுக்கி, கண்மூடித் திறப்பதற்குள் ஒரு காதை எடுத்துக் கொடுத்தது. தையல்காரன் சொக்கிப்போனான். அவள் அந்தக் காதின் ஓரத்தை மேலுதட்டில் தேய்த்துப் பார்த்தாள். வெட்டிய ஒவ்வொரு காதையும் அப்படித்தான் பார்ப்பாள். குழந்தைகள் வாயில் வைப்பதாயிற்றே. ஓரம் உருகி இறுகி, உதட்டைக் கீறியது. அடுத்து, சுழலும் கத்தி. அடுக்கிய துணியைச் சரசரவென்று வெட்டியது. ஆனால் திருப்பத்தில் துணி நழுவி, மேலே இருந்த காது முயலுக்கும் அடியில் இருந்த காது கழுதைக்கும் ஆகும்படி வந்தது. கடைசியாகக் கை பிரஸ். காது வடிவத்தில் வளைத்த எஃகுக் கத்தியைத் துணிமேல் வைத்து நெம்புகோலை இழுத்தால், தூங்குகிறவர் புரண்டு படுப்பதுபோல் ஒரு சத்தம். அவ்வளவுதான். ஓரம் உதட்டில் பூவாக இருந்தது. இழுக்கத் தோள் போதும், கட்டைவிரல் வேண்டாம்.

அந்தக் கத்திக்கு டை என்று பெயராம். வளைத்தால் வளைத்ததுதான், எந்தக் காதைப் பார்த்துச் செய்யட்டும் என்று கடைக்காரர் கேட்டார். தையல்காரன் பெருமையாகப் பையிலிருந்து ஒரு காதை எடுத்து வைத்தான். நுனி லேசாக வெளிப்பக்கம் சாய்ந்த காது. கொஞ்ச காலமாக எல்லோரும் கேட்பது இந்தச் சாய்ந்த காது முயலைத்தான். இவள் கைவண்ணத்தைப் பாருங்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் அவன்.

அவள் காதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இது நான் யோசிச்சு வெட்டினது இல்லைங்க. அந்த இடம் வந்தா விரல் வலி தாங்காது, கத்தரி தானா விலகிடும். நீங்க அவ்ளோ ஆசையா சொல்லிட்டிருந்தீங்க. அதான் சொல்லல."

தையல்காரன் முகத்தில் ஈயாடவில்லை. அத்தனை முயல்களுக்கும் காது தைத்தவன் அவன்தான். ஒன்றிலாவது தெரிந்திருக்க வேண்டாமா? சுண்டுவிரலை வைத்துச் சிரித்த மதியங்கள் எல்லாம் நெஞ்சில் குத்தின. நேரான காதே போதும் என்று சொல்ல வாயெடுத்தான்.

"சாய்ஞ்சதே இருக்கட்டும்," என்றாள் அவள். "முயலுக்கு நல்லாத்தான் இருக்கு. இனிமே எனக்கு வலிக்காதுல்ல."

"நான் இழுக்கறேன்," என்றான் அவன்.

பிரஸ் வந்த பிறகும் அவள் விரல்கள் தூக்கத்தில் வெட்டிக்கொண்டேதான் இருந்தன. அவன் மதியத்தில் நெம்புகோலைத் தொடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பான். சிரிப்பு வருவதில்லை.

ஒரு மதியம் விரல்கள் அசையவில்லை. பயத்தோடு சுண்டுவிரலை வைத்தான். கை மெல்ல மூடியது, கட்டைவிரலும் சேர்ந்து இறுகியது.

"என்ன வெட்டுற?" என்று கேட்டான்.

பதில் இல்லை. ஆர்டர் அப்படியே கிடந்தது. அவன் விரலை எடுக்கவில்லை.