ஆறாவது மேயருக்கு உடைத்த தேங்காய்

கண்டியில் மேயர் மாறினால் பேப்பர்காரனுக்கு முன்னால் கறுப்பையாவுக்குத் தெரிந்துவிடும். நகர மண்டபத்துப் படிக்கட்டைக் கழுவுகிறவன் அவன்தானே! சுதந்திரத்துக்குப் பிறகு அவன் பார்த்த முதல் மேயர் போனபோது படியில் கிடந்தது உடைந்த கண்ணாடி மட்டும். இரண்டாமவர், கொழும்பில் ஆட்சி கவிழ்ந்த கையோடு போனார். அன்று அவர் காரை வாசலிலேயே எரித்தார்கள். மூன்று நாள் தேய்த்தும் கரி போகவில்லை. மூன்றாமவருடைய டிரைவரைப் படியில் வைத்தே குத்தினார்கள். நான்காமவரின் ஆட்களும் ஐந்தாமவரின் ஆட்களும் மாறி மாறி வெட்டிக்கொண்ட கதையைச் சொல்லப் போனால் விடிந்துவிடும். கொழும்பில் காற்று திரும்பினால் கண்டியில் மண்டை உடையும். எல்லாவற்றையும் கழுவியது கறுப்பையாவின் விளக்குமாறுதான்.

கழுவி முடித்தபின் அவன் ஒரு காரியம் செய்வான். புது மேயர் வந்து இறங்கியதும் சூடம் கொளுத்தி, தேங்காயால் அவர் தலையைச் சுற்றி, படியில் சிதற உடைப்பான். திருஷ்டி கழியட்டும் என்று அவனாகத் தொடங்கிய வழக்கம். ஐந்து பேரும் டவுனிலேயே வளர்ந்தவர்கள், தமிழர்களோடு பழகியவர்கள். கைகூப்பி நின்று வாங்கிக்கொண்டார்கள்.

இந்தத் தடவை அவனுக்கே ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. அடுத்த மாதம் அவனுக்குப் பென்ஷன். அவர்கள் குடியிருந்த ஒற்றை அறை, அந்த லயக் காம்பிரா, வேலையோடு ஒட்டியது. வேலை போனால் காம்பிராவும் போகும். மகள் நல்லம்மா கூட்டுகிற வேலையில் தற்காலிகம்தான். புருஷன் ஓடிப்போய், இரண்டு பிள்ளைகளோடு அப்பனிடம் கிடக்கிறாள். புது மேயர் வந்தால் பழையவர் சேர்த்த தற்காலிக ஆட்களை முதல் வேலையாகத் துரத்துவது வழக்கம். அவளை நிரந்தரமாக்க ஒரு கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் நாலு பேரும் தெருவில்தான்.

"அப்பா, இந்த ஆளு வத்தேகமவுக்கு அங்கிட்டு சிங்களக் கிராமத்துல இருந்து வர்றவரு. நம்ம பழக்கமெல்லாம் தெரியுமோ என்னமோ. பேசாம கும்புட்டுட்டு கடுதாசியக் குடுங்க" என்றாள் நல்லம்மா.

"போடி பைத்தியக்காரி! அஞ்சு மேயருக்கு ஒடைச்ச கைடி இது."

சந்தையில் அலசிப் பார்த்து இருப்பதிலேயே பெரிய தேங்காயை வாங்கி வந்தான். தோற்றவருடைய ஆட்கள் முந்தின வாரம்தான் ஒரு சாமி கோயிலில் வரிசையாகத் தேங்காய் அடித்து, புது மேயர் நாசமாகட்டும் என்று சாபம் போட்டிருந்தார்கள். சிங்களவர்களிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டு. டவுன் முழுக்க அதே பேச்சு. கறுப்பையாவும் கேட்டுச் சிரித்தான். கேட்டும் அவன் மண்டையில் ஏறவில்லையே, என்ன சொல்ல!

மேயர் ஜீப்பில் வந்தார். பின்னால் இரண்டு லொறி நிறைய ஆட்கள், காலையிலேயே குடித்திருந்தார்கள். இரும்புக் கம்பி, சைக்கிள் செயின், பொல்லு. வந்த வேகத்தில் பழைய மேயரின் பியூனைப் பிடரியில் பிடித்து இழுத்து, முகத்தைச் சுவரோடு தேய்த்தார்கள். அவன் பல்லைத் துப்பிக்கொண்டே ஓடினான்.

அந்தக் கூச்சலுக்குள் கறுப்பையா முன்னால் போய், தேங்காயைத் தூக்கி, மேயரின் தலையைச் சுற்றி, ஓங்கி அடித்தான். அருமையாகச் சிதறியது. ஓடு ஒன்று மேயர் இடுப்பில் கட்டியிருந்த வெள்ளைச் சாரத்தில் பட்டது.

"தெமழப் பயல் மாத்தயாவுக்குச் சாபம் போடுகிறான்!" என்று சிங்களத்தில் எவனோ கத்தினான். தமிழன் ஐயாவைச் சபிக்கிறானாம்.

முதல் அடி காதோரம் விழுந்தது. இரண்டாவது அடிக்குக் கம்பி வந்தது. தலையைக் காக்கத் தூக்கிய வலது கை முழங்கைக்குக் கீழே மடக்கென்று முறிந்தது. "ஆசீர்வாதம் மாத்தயா, ஆசீர்வாதம்!" என்று அவன் சிங்களத்தில் அலறினான். யார் கேட்டார்கள்? விழுந்தவனை விலாவில் மிதித்தார்கள், வாயில் மிதித்தார்கள். காலையில் அவன் கழுவிய படியில் அவன் இரத்தமே ஓடியது.

நல்லம்மா விளக்குமாற்றுக் கட்டையோடு பாய்ந்தாள். ஒருவன் மூக்கில் போட்டாள், இன்னொருவன் கையைக் கடித்தாள். செயின் அவள் நெற்றியைக் கிழித்தது. அப்பன் மேல் விழுந்து மூடிக்கொண்டாள். அங்கிருந்துதான் மேயரின் முகத்தைப் பார்த்தாள். மனிதர் கோபத்தில் இல்லை. வெலவெலத்துப் போய், சாரத்தில் ஒட்டிய தேங்காய்ப்பூவைத் தட்டித் தட்டி விட்டுக்கொண்டிருந்தார்.

"சாபத்தை எடுக்கச் சொல்லு" என்றார் அவளிடம், சிங்களத்தில்.

நல்லம்மா இரத்தத்தை வழித்துவிட்டு எழுந்தாள். "எடுப்பார் மாத்தயா. போட்டவரால்தான் எடுக்க முடியும், கொன்றுவிட்டால் அப்படியே நின்றுவிடும். முதலில் இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்று அதே சிங்களத்தில் சொல்லி, இடுப்பிலிருந்த கடுதாசியை நீட்டினாள்.

கறுப்பையாவுக்கு அடியைவிட இது வலித்தது. "என்னா புள்ள பேசுற? நானா சாபம் போட்டேன்? முப்பது வருஷமா வாழ்த்தி ஒடைச்ச கைடி!"

"ஆமான்னு சொல்லுங்கப்பா" என்றாள் அவள், தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு. "புள்ளைங்களோட நான் எங்க போவேன்? ஆமான்னு சொல்லுங்க."

கறுப்பையா வாயில் இருந்த இரத்தத்தை விழுங்கினான். "ஆமாம் மாத்தயா, போட்டேன்" என்றான்.

மேயர் ஜீப்பின் பொனட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். சாபத்தை எடுக்க ஓர் ஆள் ஓடிப்போய் வேறு தேங்காய் கொண்டுவந்தான். அடித்தவர்களே கறுப்பையாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். வலது கை செத்த கோழிக் கழுத்தாகத் தொங்கியது. இடது கையில் தேங்காயை வாங்கினான்.

மேயர் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். கறுப்பையா அவர் தலையைச் சுற்றினான். முருகா, இவன் வம்சம் விளங்காமல் போகட்டும், இவன் மண்டை இதே படியில் இப்படியே சிதறட்டும் என்று உள்ளுக்குள் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். சொல்லி முடித்து ஓங்கி அடித்தான். முதல் தேங்காயைவிட நன்றாகவே சிதறியது.

மேயர் கண்ணைத் திறந்து பெருமூச்சு விட்டார். "இப்போது சரிதானே?" என்று கேட்டார்.

"சரி மாத்தயா" என்றான் கறுப்பையா.