சந்தனப் பொட்டு வைத்த பைப்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? என் கணவர் மகேஸ்வரன் புகை பிடிக்கும் மரப் பைப்பை இன்று நான் தேய்த்துக் கழுவினேன். அதை எழுத உட்கார்ந்து இப்படித் தொடங்கினேன்:

'காளிகாட்டில் ஆயுத பூஜை அன்று சங்கரி என்ற அப்பாவிப் பெண்...'

அப்பாவியாம்! அடித்துவிட்டேன். சங்கரியும் வேண்டாம். நானே வருகிறேன், நீலாவதி.

2

பைப்பைக் கொடுத்தவள் மௌசுமி. சாந்த்ராகாச்சி ரயில்வே ஆபீசில் இவருடன் வேலை பார்த்தவள். பதினோரு வருஷத்துக்கு முன் மால்டாவுக்கு மாற்றலாகிப் போகும்போது வாங்கிக் கொடுத்தாள். (ஆபீசில் எல்லாப் பெண்களையும் வங்காளி வழக்கப்படி அக்கா முறையில் 'தி' சேர்த்துக் கூப்பிடுகிறவர், அவளை மட்டும் வெறும் மௌசுமி என்பார். வாசகரே, குறித்துக்கொள்ளுங்கள். நான் எப்போதோ குறித்தாயிற்று.)

ஞாயிறு தோறும் பால்கனியில் உட்கார்ந்து அதைக் கழற்றுவார். பஞ்சு சுற்றிய கம்பியைத் தண்டுக்குள் விட்டு இழுப்பார். புகையிலை அடைக்கும் கிண்ணத்துக்குள் சின்னக் கத்தியை மெல்லச் சுழற்றுவார். என் கையைக்கூட அவ்வளவு பதமாகப் பிடித்ததில்லை.

"தொடாத நீலா. உள்ள கரி ஒரு காசு கனத்துக்குப் படிஞ்சிருக்கணும். அதுதான் மரத்தக் காப்பாத்துது. மொத்தமா சுரண்டினா கட்டையே எரிஞ்சு போயிரும்."

3

காலையில் பூஜைக்காக அரிவாள்மணை, கத்தரிக்கோல், ஸ்பேனர் எல்லாம் கழுவினேன். அதோடு பைப்பையும் எடுத்தேன். புளி, சாம்பல், தேங்காய் நார். உள்ளே மரத்தின் நிறம் தெரியும்வரை தேய்த்தேன். பதினோரு வருஷக் கரி சாக்கடையில் போனது. துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஸ்பேனர் பக்கத்தில் அடுக்கினேன்.

[இங்கே 'தெரியாமல்' என்றொரு சொல் இருந்தது. அவர் சொன்னதை நீங்கள் மேலே படித்துவிட்டீர்கள். இனி அது செல்லாது.]

4

அவர் கத்தினால் பதில் தயாராக இருந்தது: "ஆயுதத்தக் கழுவாமயா பூஜைல வைப்பாங்க?" அதற்கு இடமே வரவில்லை.

பொட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இதுக்குமா பொட்டு வச்ச?" "உனக்கு இது ஆகவே ஆகாதுன்னு நெனச்சேன்டி."

கிண்ணத்துக்குள் பார்க்காமலே போட்டோ எடுத்து மால்டாவுக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது. "பௌதி கீ பாலோ!" அண்ணி எவ்வளவு நல்லவர் என்கிறாளாம். அந்தச் சான்றிதழை அவளிடமா நான் வாங்க வேண்டும்?

5

பூஜையில் வைத்ததை இன்று தொடக்கூடாது. நாளை விஜயதசமி. டீ குடித்ததும் வழக்கம்போல் புகையிலையை நிறைய அடைத்துப் பற்றவைப்பார். அதற்குள் சொல்லிவிட்டால் பைப் பிழைக்கும். புதுப் பைப்பைப் போல் கொஞ்சமாக நிரப்பி, நிதானமாகப் பிடித்து, கரியை மறுபடி படியவைக்கலாம். ஆனால் சொன்னால் அந்த முகம் போய்விடும். அவர் என்னை அப்படிப் பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று.

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறேன்.

முடிவு இரண்டு: கட்டை எரிகிறது. "ஐயையோ, எப்படிங்க ஆச்சு?" என்று நானே ஓடிப்போய்...

சீ. கை கூசுகிறது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இன்று எழுதவும் கூடாது. இந்தப் பேனாவும் பூஜையில் இருந்ததுதான். அவர் ஜாதவ்பூருக்குத் துர்கா பூஜைப் பந்தல் பார்க்கப் போன நேரத்தில் எடுத்துவந்தேன்.

கேட் சத்தம் கேட்கிறது. வந்துவிட்டார்.

விஜயதசமி காலையில் பூஜையில் இருக்கும் புத்தகத்தையோ தாளையோ எடுத்து, வேறெதையும் தொடுவதற்கு முன் அவர் நாலு வரி படிப்பது எங்கள் வீட்டு வழக்கம். இந்தத் தாளைப் பைப்புக்கு அடியில் வைக்கவா, அடுப்பில் வைக்கவா? நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் அடுப்பில் வைக்கவில்லை. உங்களுக்கு முன்னால் அவர் படித்தாரா என்பதை மட்டும் நான் எழுதப்போவதில்லை.