கீழே இருந்த நான்கு வரிகள்

பதினோராயிரத்து நானூற்றுப் பதினாறு. எங்கள் ஜல்லிக் களத்தின் எடைமேடையில் பில் போடும் பெண் முதலாளிக்குத் தர வேண்டிய தொகை அது. அவள் ஒரு காசும் எடுக்கவில்லை. ஒன்பது நாள் பில்கள் தாறுமாறாகப் போயிருந்தன; பத்தாம் நாளிலிருந்து முதலாளி கையால் எழுத வைத்துவிட்டார். அதிகம் போட்ட பில்லுக்கு எல்லா லாரிக்காரர்களும் சண்டைக்கு வந்து பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். குறைத்துப் போட்டதற்கு ஒருவர்கூட வரவில்லை. அந்தக் குறைதான் அவள் தலையில் விழுந்தது. ஆயிரத்து இருநூறு வீதம் இரண்டு தவணை அவள் சம்பளத்தில் பிடித்தாகிவிட்டது.

"என் கைராசி அப்படி, மாமா," என்றாள் என்னிடம். நான் ஜல்லி அள்ளும் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒன்பது நாளுக்கு முன்பு, அவள் சாப்பிடப் போயிருந்த ஒரு மதியம் அவள் மேசையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்; கம்ப்யூட்டர் திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. புதிய பதிப்பு இருக்கிறது, மாற்றவா என்று கேட்டது. தினமும் வருவதுதான். அவள் 'பிறகு' என்பதை அழுத்துவாள். பெட்டிக்குக் கீழே பொடி எழுத்தில் நான்கு வரி இருந்தது. நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றவன் நான், நான்கு வரிக்கு எனக்கு நேரமாகும். வெளியே லாரிக்காரர் ஹாரனை விடவேயில்லை. 'ஆம்' என்பதை அழுத்திவிட்டேன்.

மூன்றாம் தவணைக்கு முந்தின நாள், பிரிண்டரைப் பார்க்கக் கம்ப்யூட்டர்காரர் வந்தார். பழைய பில்களைப் புரட்டியவர் நிமிர்ந்தார்.

"யாரும்மா புதுப்பிச்சது?"

"நானா? தொட்டதே இல்லண்ணா!"

"எடைக்கருவியோட பேசுற மென்பொருள் மாறியிருக்கு. ஊர் உலகத்துக்கே இலவசமா யாரோ எழுதித் தர்றது. அது அனுப்புற எண் வரிசையில, புதுசுல நாலாவது இடத்துல முந்தின லாரியோட காலி எடையைச் சேர்த்துட்டாங்க. இந்த லாரியோடது அஞ்சாவதுக்குப் போயிடுச்சு. நம்ம பில் போடுற நிரல் பழசு, பேரைப் பார்க்காது, நாலாவதுல இருக்கறதை எடுத்துக் கழிச்சிடும். நின்னு போயிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். ஓடிக்கிட்டே தப்பு பண்ணியிருக்கு."

"புதுசைக் கடைசியில சேர்த்தா என்னவாம்?" என்றார் பக்கத்தில் நின்ற முதலாளி.

"அதான் நானும் கேக்கறேன். ஆனா உங்க நிரலை அதுக்கேத்த மாதிரி திருத்தாம மாத்தாதீங்கன்னு கீழ தெளிவா எழுதியிருக்காங்களே, நாலு வரி."

அவள் முகம் வெளுத்துவிட்டது. முதலாளி அவளையே பார்த்தார்.

"நான்தாங்க அழுத்தினேன்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.

"இத்தனை நாள் வாயில என்ன வெச்சிருந்தே?" என்றார் முதலாளி.

மீதி ஒன்பதாயிரத்துப் பதினாறையும் என் கூலியில் பதினொரு வாரம் பிடித்தார்கள். அவள் என்னோடு பேசியது பன்னிரண்டாவது வாரம்தான்.

"முதலாளி கணக்கு முடிஞ்சுது. என் ரெண்டு தவணை எங்க, மாமா?"

இரண்டாயிரத்து நானூறை அவள் மேசையில் வைத்தேன். எண்ணிப் பார்த்தாள். ஒரு கிழிசல் நோட்டை மட்டும் என்னிடமே தள்ளினாள்.

"இதை மாத்திக் குடுங்க."

மாற்றிக் கொடுத்தேன். பைக்குள் வைத்துக்கொண்டாள்.