நாகமணிக்குப் பாலாடை

வெள்ளிக்கிழமை எடை பார்ப்பார்கள். இன்னும் குறைந்திருந்தால் கீமோவை நிறுத்திவிடுவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்று புதன். என் மனைவி நாகமணி காலையிலிருந்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்திருக்கிறாள், அவ்வளவுதான்.

பருப்புச் சாதம், இளநீர், ஆஸ்பத்திரியில் கொடுத்த வெனிலா பானம், எல்லாவற்றையும் கையால் தள்ளிவிட்டாள். கெஞ்சினேன், கத்தினேன். பக்கத்து அபார்ட்மென்ட்காரர் கதவைத் தட்டி, "மிஸ்டர் வெள்ளியங்கிரி, எல்லாம் ஓகேவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுப் போனார். என்னத்தை ஓகே!

சத்துணவு ஆலோசனை சொல்லும் பெண்தான் க்ளாட்டட் க்ரீம் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். பாலின் க்ரீமை மெதுவாகச் சூடாக்கி, மேலே திரளும் ஏட்டை எடுத்துப் புட்டியில் அடைத்து இங்கிலாந்திலிருந்து அனுப்புகிறார்கள். நம் பாலாடைதான். எனக்கோ பாலாடை என்றாலே குமட்டும். ஆனாலும் எங்கள் ஊரான பிளெய்ன்ஸ்பரோவில் ஆரம்பித்துக் கடை கடையாக ஏறி இறங்கி, எங்கோ மிச்சமிருந்த ஒரே ஒரு சின்னப் புட்டியையும், அதோடு சேர்த்துத் தின்னும் ஸ்கோன் என்ற பன்னையும் வாங்கிவந்தேன்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் கெட்டியாக இருந்தது. சில்லென்று கொடுத்தால் சளி பிடித்துக்கொள்ளுமே என்று பாதிக்கு மேல் கிண்ணத்தில் வழித்து மைக்ரோவேவில் வைத்தேன். வெளியே எடுத்தபோது கிண்ணம் முழுக்க மஞ்சள் எண்ணெய். புத்தி கெட்டவன் நான். சான் ஹோசேயில் இருக்கும் மகன் கவினைக் கூப்பிட்டேன்.

"அப்பா, டோன்ட் ஹீட் இட்! சும்மா கொஞ்ச நேரம் வெளிய வெச்சா போதும். ஸ்கோனை ரெண்டா பிச்சு, ஜாம் தடவி, மேல க்ரீமை வைங்க."

"ஜாம் மொதல்லயா, க்ரீம் மொதல்லயா?"

"அதுக்கு இங்கிலாந்துல சண்டையே போடுவாங்கப்பா. எது வேணா..." அவன் குரல் உடைந்தது. "ப்ளீஸ்ப்பா. எப்படியாச்சும் அம்மாவை சாப்பிட வைங்க."

அவன் சொன்னபடியே செய்து எடுத்துப்போனேன். நாகமணி ஒரு வாய் கடித்துத் துப்பிவிட்டாள்.

"மண்ணாட்டம் இருக்குதுங்க. என்னைய உட்ருங்க."

சமையலறையில் நின்று அழுதேன். இவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன்? எனக்காகப் போட்ட காபி குடிக்கப்படாமல் ஆறிக் கிடந்தது. புட்டியில் ஒரு ஸ்பூன்தான் மிச்சம். இரண்டையும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கல்யாணமான புதிதிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம். என் டம்ளரில் ஆடை மிதந்தால் நான் "ச்சீ" என்பேன். அவள் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வாள். இந்த ஊர்ப் பாலில் ஆடையே சரியாகப் படியாததால் அதுவும் நின்றுபோயிருந்தது.

ஆறின காபியின் மேல் அந்தக் கடைசி ஸ்பூன் க்ரீமை மிதக்கவிட்டு, கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். டம்ளரை வாயருகே கொண்டுபோனேன்.

"ச்சீ! ஆடை!"

நடிக்க வேண்டியிருக்கவில்லை, நிஜமாகவே குமட்டியது. நாகமணி கண்ணைத் திறந்தாள்.

"நல்ல ஆடையப் போயி... இங்க குடுங்க."

ஸ்பூனால் ஆடையை அள்ளினாள். ஸ்பூனை நானும் சேர்ந்து பிடித்துக்கொண்டேன். வாயில் வைத்தாள். துப்பவில்லை. தொண்டை ஏறி இறங்கியது.

"இன்னும் இருக்குதுங்களா?"

"இருக்குது கண்ணு, நெறைய இருக்குது" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்கு ஓடி, காலிப் புட்டியை விரலால் வழித்தேன்.