இன்று பார்க்க வேண்டியவை

மூன்றாவது முறையும் டர்பன் நகரத்து வலைக்காரர்கள் முந்திக்கொண்ட அன்று, எங்கள் ஊர் வலை முதலாளி ரெஜி தன் ஆட்கள் எட்டுப் பேரையும் மணலில் உட்கார வைத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தானாம். என் புருஷன் வெலாபியின் முகத்துக்கு வந்ததும் நின்றானாம். "இன்னொரு தரம் இப்படி நடந்தா, வெலாபி, நீ கயித்தைத் தொட வேணாம்" என்று சொல்லியிருக்கிறான்.

சாயங்காலம் வெலாபி இதைச் சோளமாவுக் களித் தட்டைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

சாளை மீன் வருவது வருஷத்தில் ஆறு வாரம். எங்கள் குளிர்காலமான ஜூன் கடைசியில் தண்ணீர் குளிர்ந்ததும் தெற்கேயிருந்து கரையை ஒட்டி ஏறிவரும். அதன் பின்னால் டால்பின், சுறா, மேலே வெள்ளைப் பறவைகள். பறவை எங்கே செங்குத்தாக விழுகிறதோ அங்கே மீன். அந்த ஆறு வாரம் கரைவலைக் கயிறு இழுத்துத்தான் எங்கள் வீட்டில் டிசம்பர் வரைக்கும் அடுப்பு எரிகிறது. மற்ற மாதங்களில் வெலாபிக்குக் கரும்பு வெட்டு கிடைத்தால் உண்டு. நானும் சேசேலா பக்கத்துக் கரும்புக்காட்டில் வளர்ந்தவள்தான். பன்னிரண்டு வயதில் கட்டுச் சுமந்தேன். அந்த வேலைக்குத் திரும்பிப் போக எனக்கும் ஆசை இல்லை, அவருக்கும் இல்லை.

கடற்கரையில் ஒரே சட்டம். யார் வலை முதலில் தண்ணீரைத் தொடுகிறதோ, மீன் கூட்டம் அவர்களுடையது. குன்றின் மேல் நிற்கும் ரெஜியின் ஆள் விடிந்ததும் பறவையைப் பார்த்து போன் செய்வான். ரெஜி லாரியில் இருப்பவர்களிடம் இடத்தைச் சொல்வான். வலையை ஏற்றி, படகை டிராக்டரில் பூட்டிப் போய்ச் சேர முக்கால் மணி நேரம். மூன்று தடவையும் இவர்கள் போனபோது டர்பன்காரர்களின் படகு கூட்டத்தைச் சுற்றி வலையைப் போட்டு முடித்திருந்தது. ஒரு தடவை என்றால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். மூன்று தடவை என்றால் யாரோ சொல்கிறார்கள்.

ரெஜி வெலாபியைச் சந்தேகப்பட்டதற்குக் காரணம் நான். நான் வேலை பார்க்கும் கெஸ்ட் ஹவுஸில் ஒருவர் தங்கியிருந்தார். பெயர் ஃபூரி. அறுபதைத் தாண்டியவர், தனியாள், உள்நாட்டுக்காரர். தினமும் காலையில் முக்காலி வைத்த தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு ஏதாவது ஒரு பாறை மேல் போய் நிற்பார். கடலைப் பார்ப்பார், போனில் பேசுவார், நோட்டில் எழுதுவார். அவரை வலைக்காரர்கள் எல்லாரும் பார்த்திருந்தார்கள். அவர் தங்கும் இடத்தில்தான் எனக்கு வேலை என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

கெஸ்ட் ஹவுஸிலும் அவரை யாரும் நம்பவில்லை. மேடம், அதாவது மிசஸ் கிராஃப்டன், அவர் விடுதிகளுக்கு நட்சத்திரம் கொடுக்க ரகசியமாக வந்த அதிகாரி என்று நினைத்தாள். அவர் தட்டில் மட்டும் பேக்கன் இரண்டு துண்டு கூட விழும். தோட்டக்காரன் லிம்பானி மலாவிக்காரன், இந்த நாட்டில் தங்கக் கையில் பேப்பர் கிடையாது. ஃபூரி பேப்பர் பார்க்க வந்தவர் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். அவர் வராந்தாவில் உட்கார்ந்தால் இவன் புறவாசலில்தான் பெருக்குவான். நான் மட்டும் அவரை ஒன்றும் நினைக்காமல் இருந்தேன். அறையைச் சுத்தமாக வைத்துக்கொள்கிற ஆள், துண்டைத் தரையில் போடாத ஆள். எனக்கு அது போதும்.

வெலாபி தட்டைப் பார்த்துச் சொன்னதற்கு மறுநாள் நானும் நினைக்க ஆரம்பித்தேன்.

அவர் போனதும் படுக்கையை விரித்துவிட்டு மேஜை மேல் இருந்த, முந்தின நாளோடு எழுதித் தீர்ந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். தேதி, இடம், மணி, எண். கெல்சோ, 7.40, பதினாலு. பென்னிங்டன், 8.10, ஆறு, பக்கத்தில் பெரிசு ரெண்டு. ரெஜி தோற்ற மூன்று நாளும் அதில் இருந்தன. அந்தந்த இடம், அந்தந்த நேரம். பதினாலு என்றால் பதினாலு கூடை என்றுதான் எனக்குப் பட்டது. பெரிசு ரெண்டு என்றால் பெரிய படகு. வேறு என்னவாக இருக்க முடியும்? நோட்டை இருந்தபடியே வைத்தேன்.

அன்று சாயங்காலம் வெலாபியிடம் சொன்னேன். வெலாபி ரெஜியிடம் சொன்னார். அடுத்த நாள் பத்து மணிக்கு ஃபூரி நெற்றியில் சிராய்ப்போடு திரும்பி வந்தார். முக்காலியின் ஒரு கால் இல்லை, கண்ணாடி நட்சத்திரமாக விரிசல் விட்டிருந்தது. பாறையில் வழுக்கிவிட்டது என்றார். மேடம் போலீசைக் கூப்பிடவா என்று மூன்று முறை கேட்டாள். வேண்டாம் என்றார். மேடம் அவருக்கு இரவுச் சாப்பாடு இலவசம் என்றாள்.

முக்காலியில் ஒட்டிய மணலைக் கழுவச் சொல்லி லிம்பானியிடம் கொடுத்தார்கள். நான் துணி அலசக் குழாயடிக்குப் போனேன். உளவு பார்த்தவனுக்குக் கிடைத்தது என்கிற மாதிரி ஏதோ சொன்னேன். எனக்கு அது திருப்தியாகக்கூட இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. லிம்பானி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அப்போ அந்த வெள்ளை வேன் இனிமே வராதா, அக்கா?"

"எந்த வேன்?"

"இவரைப் பாக்க வர்ற வேன்தான். பின்னாடி படகு பூட்டியிருக்குமே. நான் பலகையை கேட்ல வச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள வந்து நிக்கும். இன்ஜினை அணைக்க மாட்டாங்க. ஒருத்தன் தலையை நீட்டிப் படிப்பான், கிளம்பிடுவாங்க. நான் வாழை மறைவுக்குப் போயிடுவேன். பேப்பர் கேக்கற ஆளுங்கன்னு நெனச்சேன்."

"எத்தனை நாளா?"

"சாளை வந்ததுலேருந்து."

அலசிய துணியைப் பிழியாமலே வாளியில் போட்டேன்.

பலகையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. வாசல் கேட்டில் சாய்த்து வைக்கும் கரும்பலகை. மேலே 'இன்று பார்க்க வேண்டியவை' என்று வெள்ளைப் பெயிண்டில் நிரந்தரமாக இருக்கும். கீழே தினமும் சாக்பீஸில் எழுதுவது நான். மேடத்தின் எழுத்து கோழி கிளறிய மாதிரி, என் எழுத்து அழகு. ஸ்காட்பர்க்கில் குட்டி ரயில். சனிக்கிழமை விவசாயிகள் சந்தை. முதலைப் பண்ணையில் தீனி போடும் நேரம். திமிங்கலம் தெரிந்தால் எந்தப் பாறையிலிருந்து. ஜூலையில் இவை எல்லாவற்றுக்கும் மேலே, கட்டம் கட்டி: சாளை, இன்ன கடற்கரை, இன்ன நேரம்.

அந்தச் செய்தி எனக்கு வெலாபியிடமிருந்து வரும். ஆறரைக்கு லாரியிலிருந்து ஒரு மெசேஜ். முதல் வருஷம் மேடம் கேட்டாள் என்று நான் அவரைக் கேட்டேன், அவர் அனுப்பினார். ஐந்து வருஷமாக அனுப்புகிறார். இந்தச் சாலையில் நம் வீட்டுப் பலகை மாதிரி வேறு எந்த வீட்டுப் பலகையும் இல்லை என்று மேடத்துக்குப் பெருமை. விருந்தாளிகள் காமிராவோடு ஓடுவார்கள், வாளியில் மீன் அள்ளி வந்து காண்பிப்பார்கள். யாரிடமும் சொல்லாதே என்று ரெஜி சொன்னபோது வெலாபி தலையாட்டியிருப்பார். பெண்டாட்டி அந்த 'யாரிடமும்' என்பதில் சேர்த்தி இல்லை. எனக்குப் பலகையில் எழுதுவது 'சொல்வது' என்பதில் சேர்த்தி இல்லை. முதலைப் பண்ணைக்கு மேலே ஒரு வரி, அவ்வளவுதான்.

ஆக, ரெஜி சந்தேகப்பட்டது சரியான ஆளை.

மறுநாள் ஆறரைக்கு மெசேஜ் வந்தது. இஃபாஃபா முகத்துவாரம், பெரிய கூட்டம். இஃபாஃபா எங்களுக்குத் தெற்கே. நான் சாக்பீஸை எடுத்து, கட்டம் கட்டி, வழக்கத்தைவிட அழகாக எழுதினேன்: சாளை, பார்க் ரைனி, 7.30. பார்க் ரைனி வடக்கே. லிம்பானி தூக்கிக்கொண்டு போனான். சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். வெள்ளை வேன் வந்தது. ஒரு தலை நீண்டது. வேன் வடக்கே திரும்பிப் போனது. அடுப்பில் முட்டை கருகியதைப் பிறகுதான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் வெலாபி ஒரு வாளி நிறையச் சாளையோடு வந்தார். மூன்று இழுப்பு, வலை மடி கிழிகிற அளவு மீன். ரெஜி அவர் தோளில் கை போட்டு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டானாம். தொலைநோக்கி உடைந்த மறுநாளே வலை நிறைந்துவிட்டது, இதற்கு மேல் யாரும் எனக்கு விளக்க வேண்டாம் என்றானாம். அந்தக் கிழவன் இனிமேல் கடற்கரையில் தென்பட்டால் கண்ணாடியை உடைப்பதோடு விடமாட்டோம் என்று பையன்கள் பேசிக்கொண்டார்களாம்.

இதையெல்லாம் வெலாபி சந்தோஷமாகத்தான் சொன்னார். பிறகு மீன் செதில் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

"இன்னைக்குப் பலகையில என்ன எழுதின?"

"ரயிலு. சந்தை. திமிங்கலம்."

"நல்லது" என்றார். கத்தி கொஞ்ச நேரம் நின்று, திரும்பச் சுரண்ட ஆரம்பித்தது.

அடுத்த நாள் ஆறரைக்கு மெசேஜ் வரவில்லை. ஆறே முக்கால் வரைக்கும் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் ஏன் அனுப்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். குட்டி ரயிலும் சந்தையும் எழுதினேன். கட்டத்தை ஈரத்துணியால் துடைத்தேன்.

ஃபூரி எட்டு மணிக்குச் சாப்பிட வந்தார். மேடம் அப்போதுதான் தபால் எடுக்கப் போயிருந்தாள். நான் டீ ஊற்றினேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். வானிலையைச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"நேத்து உங்க பலகை தப்பாயிருந்துச்சு. பத்தொன்பது நாள் அதை நம்பித்தான் போனேன். சாளை எங்கேயோ அங்கேதான் திமிங்கலமும் வருது. தினம் எண்ணிப் பட்டியல் எடுக்கறவங்களுக்குப் போன்ல சொல்வேன். ஒரு நாளும் ஏமாந்ததில்லை."

பதினாலு என்பது பதினாலு திமிங்கலம். பெரிசு ரெண்டு என்பதை நான் கேட்கவில்லை.

"பார்க் ரைனியில ஒரு பறவைகூட இல்லை" என்றார். "ஒரு வெள்ளை வேன் மட்டும் இருந்துச்சு. படகோட. நாலஞ்சு பேர் உங்க பலகையைத் திட்டிக்கிட்டு நின்னாங்க." கத்தியால் டோஸ்ட்டில் வெண்ணெயை ஓரம்வரை தடவினார். "என் தொலைநோக்கியை உடைச்சவங்க, நீ யாருக்குச் சொல்றேன்னு கேட்டாங்க. எனக்கு அப்போ புரியலை."

அவர் என்னைப் பார்த்தார். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. கணக்குச் சரியாக வந்துவிட்ட ஆளின் பார்வை. நான் டீப்பானையைப் பிடித்தபடி நின்றேன். நான்தான் என்று சொல்லலாம். சொன்னால் அவர் போலீசுக்குப் போகலாம், போலீஸ் ரெஜியிடம் போகும், ரெஜி வெலாபியிடம் வருவான். வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"எப்போ கிளம்பறீங்க?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் அறை எடுத்திருக்கேன்."

"இன்னைக்கே கிளம்புங்க, ஐயா. கடற்கரைக்குப் போகாம, நேரா பெரிய ரோட்டுக்கு."

டோஸ்ட்டைச் சாப்பிட்டு முடித்தார். பிறகு தலையை மட்டும் ஆட்டினார். பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார். லிம்பானி உதவ வரவில்லை, புறவாசலில்தான் இருந்தான். வாசலில் இருந்த விருந்தாளிகள் புத்தகத்தில் எல்லாரும் எழுதுவதுபோல அவரும் எழுதிவிட்டுப் போனார்: காலைச் சாப்பாடு அருமை, பலகை ஒரு நாளைத் தவிர மிகத் துல்லியம்.

மேடம் அதைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் அதிகாரிதான், இனிச் சந்தேகமே இல்லை, அந்த ஒரு நாளில் ஒரு நட்சத்திரம் போய்விட்டது என்றாள். எந்த நாள், என்ன தப்பு என்று என்னைக் கேட்டாள். தெரியவில்லை மேடம் என்றேன். நாளையிலிருந்து பலகையை நானே எழுதுகிறேன் என்று சாக்பீஸ் டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் லிம்பானி வந்து சொன்னான், இன்றைக்கும் வேன் நின்றதாம். ஒருத்தன் இறங்கி வந்து பலகையின் பின்பக்கத்தையும் பார்த்தானாம்.

சாயங்காலம் மீதிச் சாளையை வறுத்தேன். வெலாபி கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்த ஆளு?"

"போயிட்டாரு."

"அப்ப காட்டிக்கொடுத்தது அவன்தான்" என்றார், தட்டைப் பார்த்து.

நான் மீனைத் திருப்பிப் போட்டேன்.